உறுப்பினர் சேர்க்கையும் ஓர் எதிர்மனுதாரரும்

நீதிமன்ற நிர்வாக அலுவலர்கள் சங்கத்தில் சேருவதற்கு மொத்தம் நாற்பத்தொரு விதிகள் உண்டு. நீதிமன்றத்தில் நிர்வாக அலுவலராக இருக்க வேண்டும் என்பது அதில் முப்பத்தெட்டாவது விதி. அதற்கு முன்னால் உள்ளவை எல்லாம் விண்ணப்பத்தை எந்த நிற மையில் எழுதுவது, எந்தப் பக்கம் துளை போடுவது, நகலுக்கும் நகல் வைக்க வேண்டுமா என்பன போன்ற இன்றியமையாத விஷயங்களைப் பற்றியவை.

கட்டு அக்கா இருபது வருஷமாக நீதிமன்ற அலுவலகத்தில் இருப்பவள். எந்த வழக்கின் கட்டு எந்த அலமாரியில் எத்தனையாவது அடுக்கில் கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள் என்பதால் வக்கீல்கள் வைத்த பெயர் அது. சங்கம், கூட்டம், மேடை எதிலும் அவளுக்கு நாட்டம் கிடையாது. ஆனால் போன வருஷம் பதவி உயர்வு என்ற பெயரில் அவளை இந்த ஊருக்குத் தூக்கிப் போட்டார்கள். கணவரும் ஆறு வயது மகளும் பழைய ஊரிலேயே இருந்தார்கள். கணவர் தையல்காரர். பதினைந்து வருஷத்து வாடிக்கையாளர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வர முடியாதல்லவா? மகள் தினமும் போனில், "அம்மா, எப்ப வருவே?" என்று ஒரே கேள்வியைக் கேட்பாள். அதற்குப் பிறகு அக்காவுக்குச் சாப்பாடு இறங்காது.

திரும்பிப் போக ஒரே வழி இடமாற்றம். இடமாற்ற மனுவைச் சங்கம் பரிந்துரைத்தால்தான் மேலிடத்தில் உறையைப் பிரிப்பார்கள். சங்கமோ உறுப்பினருக்குத்தான் பரிந்துரைக்கும். ஆகவே அக்கா ஒரு நாள் மதியம், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த சங்க அறைக்குப் படியேறினாள்.

செயலாளரை எல்லோரும் ஷரத்து சார் என்பார்கள். வீட்டில் காபி கேட்பதற்குக்கூட உட்பிரிவு காட்டுகிறவர். விண்ணப்பத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துளைகளை அளந்தார்.

"அருமையா இருக்கும்மா. ஒரே ஒரு குறைதான். எதிர்மனுதாரர் பேர் இல்லையே?"

"உறுப்பினரா சேர்றதுக்கு எதிர்மனுதாரர் எதுக்கு சார்?"

"கோர்ட்ல இருக்கிற நீங்களே இப்படிக் கேக்கலாமா? எதிர்த்தரப்பு இல்லாத மனுவை எப்படி விசாரிக்கிறது?"

"நான் யார் மேலயும் கேஸ் போடலையே!"

"அதான் குறைங்கிறேன். உங்களை யாராவது ஒருத்தர் எதிர்க்கணும். அப்பத்தான் நாங்க ரெண்டு பக்கமும் கேட்டு, நியாயமா உங்களைச் சேர்த்துக்க முடியும்."

அக்காவுக்குக் கோபம் வந்தது. ஆனால் காலையில்தான் அவளே மூன்று மனுக்களை, ஓரத்தில் இடம் விடவில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தாள். வந்த கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

எதிரி தேடும் படலம் தொடங்கியது. தட்டச்சு செய்கிறவர், "உங்களை எதிர்க்க எனக்கு மனசு வராதுக்கா" என்று கண் கலங்கினார். காவலாளி லீவு போட்டுவிட்டார். நல்ல பெயர் எடுத்து வைத்ததில் இவ்வளவு தொல்லை இருக்கும் என்று அக்கா நினைத்ததே இல்லை. கடைசியில் கணவருக்குப் போன் போட்டாள்.

"உங்களைத்தாங்க எதிரியாப் போட்டிருக்கேன்."

"பத்து வருஷமா மனசுல இருந்ததை இப்பத்தான் எழுத்துல குடுக்கிறியா?"

அழைப்பாணை போயிற்று. கணவர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்து சங்கத் தலைவர் முன்னால் நின்றார். தலைவர் பதில் மனு எங்கே என்று கேட்டார்.

"அதுல நான் என்னங்க எழுதணும்?" என்றார் கணவர்.

"மறுக்கிறேன்னு எழுதுங்க" என்றார் ஷரத்து சார்.

"எதை?"

"எல்லாத்தையும். எதை ஒத்துக்கிறதுன்னு அப்புறம் யோசிச்சுக்கலாம்."

கணவரோ சொன்னதைச் செய்கிற மனிதர். மனுதாரர் நிர்வாக அலுவலர் என்பதை மறுத்தார். இருபது வருஷ சேவையை மறுத்தார். மனுதாரர் தன் மனைவி என்று சொல்லப்படுவதையும் மறுத்து, அதை மனுதாரரே நிரூபிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அக்கா கல்யாணப் பதிவுச் சான்றிதழைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் இரண்டு வாய்தா ஓடிவிட்டது. மகள் தரையில் உட்கார்ந்து பழைய சுற்றறிக்கைகளின் பின்பக்கத்தில் படம் வரைந்தாள்.

நான்காவது வாய்தாவில் கணவர் கக்கத்தில் ஃபைலோடு வந்தார். ஐந்தாவதில், "நான் பணிவுடன் சமர்ப்பிப்பது என்னவென்றால்" என்று ஆரம்பித்தார். ஷரத்து சாருக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

ஏழாவது வாய்தா அன்று அக்காவின் நீதிமன்றத்துக்கு மேலதிகாரிகள் ஆய்வுக்கு வந்துவிட்டார்கள். ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து காட்டிவிட்டு மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சேரும்போது பன்னிரண்டு நிமிஷம் தாமதம். தீர்ப்பு முடிந்திருந்தது.

"மனுதாரர் வராததால ஒருதலைப்பட்சமா முடிவு பண்ணியாச்சு. எதிர்மனுதாரர் ஜெயிச்சுட்டார்" என்றார் ஷரத்து சார்.

"சரி, என் மனு தள்ளுபடி. அவ்வளவுதானே?"

"அது எப்படிம்மா அவ்வளவுதான்? ஜெயிச்சவருக்கு ஏதாவது குடுக்கணுமில்ல? மனுவில கேட்டிருக்கிறது உறுப்பினர் பதவி ஒண்ணுதான். அதையே குடுத்துட்டோம்."

"சார், அவர் தையல்காரர்!"

"அது பதிவுல இல்லையே. நீங்க சரியான நேரத்துல வந்து சொல்லியிருக்கணும்."

கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சட்டைப் பையில் புது உறுப்பினர் அட்டை தெரிந்தது.

சங்கம் சும்மா இருக்கவில்லை. நம் உறுப்பினர் ஒருவர் குடும்பத்தைப் பிரிந்து வாடுகிறார் என்று மேலிடத்துக்குப் பரிந்துரை அனுப்பியது. இரண்டே வாரத்தில் உத்தரவு வந்தது. குடும்ப நலன் கருதி, மேற்படி உறுப்பினர் தம் மனைவி பணிபுரியும் நீதிமன்றத்துக்கே கூடுதல் நிர்வாக அலுவலராக மாற்றப்படுகிறார். எங்கிருந்து மாற்றப்படுகிறார் என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்திருந்தது. மேலிடத்தில் காகிதத்துக்கு முத்திரை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஆள் யார் என்று பார்க்கிற பிரிவு இன்னும் தொடங்கப்படவில்லை.

"இது தப்புங்க, திருப்பி அனுப்பிடலாம்" என்றாள் அக்கா.

"அரசாங்க உத்தரவு. நாம யாரு தப்புன்னு சொல்ல?" என்றார் கணவர். கடையை மூடிவிட்டு, மகளையும் தையல் மெஷினையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

கிழிந்துபோன பழைய கட்டுகளுக்கெல்லாம் துணி உறை தைத்துப் போட்டார். வக்கீல்கள் இப்படி ஒரு திறமைசாலியைப் பார்த்ததில்லை என்றார்கள். சாயங்காலம் மூவரும் பேசிக்கொண்டே வீட்டுக்கு நடப்பார்கள். மகள் நடுவில் நடந்து இருவர் கையையும் பிடித்துத் தொங்குவாள். தப்பாவது சரியாவது, இது போதும் என்று அக்காவுக்கு இருந்தது. இத்தனை சந்தோஷமாக அவள் இருந்து வெகுநாள் ஆகியிருந்தது.

பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் அடுத்த உத்தரவு வந்தது. கணவனும் மனைவியும் ஒரே அலுவலகத்தில் பணிபுரிவது விதிகளுக்கு முரணானது. எனவே மனைவியானவர், அவர் நெடுநாளாக விரும்பிய பழைய ஊருக்கே, அவரது மன நிறைவை முன்னிட்டு, உடனடியாக மாற்றப்படுகிறார். பொறுப்புகளைக் கணவரிடம் ஒப்படைக்கவும்.

"நீங்களும் வந்துடுங்க" என்றாள் அக்கா.

கணவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "சேர்ந்து மூணு வருஷத்துக்கு நான் இடம் மாற முடியாதாம். வேலையை விடணும்னா சங்கம் சம்மதிக்கணும். சங்கம் சம்மதிக்காது, நான் இப்ப துணைச் செயலாளர்."

"அப்ப நான் யார்கூட இருக்கணும்?" என்றாள் மகள். அதற்கு எந்த விதியிலும் பதில் இல்லை. புதுப் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் சேர்த்திருந்தார்கள் என்பதால் அவள் அப்பாவோடு இருப்பதாக முடிவாயிற்று.

வழியனுப்பு விழாவில் தலைவர் குரல் தழுதழுக்கப் பேசினார். உறுப்பினராகாதவருக்கே கேட்ட ஊரை வாங்கிக் கொடுத்த சங்கம் இது ஒன்றுதான் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஷரத்து சார் ஒரு காகிதத்தை நீட்டினார். தன் கோரிக்கை முழுமையாக நிறைவேறியது என்று அக்கா சங்கத்துக்கு நன்றி தெரிவிக்கும் கடிதம், தயாராகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது.

அக்கா அதைக் கிழித்துப்போடத்தான் வாங்கினாள். ஆனால் மேலே தேதி விட்டுப்போயிருந்தது. தேதியில்லாத காகிதத்தை அப்படியே விட அவளுக்கு மனசு வரவில்லை. தேதியை நிரப்பி, கீழே கையெழுத்தும் போட்டு, ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.