உரக்கடைக்காரரோட ரெண்டாவது சம்சாரம்

போன வாரம் எனக்கு இருந்த வேலை ஒன்னுதான். கம்பைநல்லூர் போகணும், ஒருத்தரைப் பேட்டி எடுக்கணும், சாயங்காலத்துக்குள்ள இண்டூர் திரும்பிடணும்.

என்ன பேட்டின்னு கேக்கறீங்களா? நான் பிஎச்.டி. பண்றேன். வீடியோ கேம் பத்தி.

சிரிக்காதீங்க. எங்க வூட்டுல ஏற்கனவே சிரிச்சு முடிச்சாச்சு.

ரோல் பிளேயிங் கேம்னு ஒரு வகை இருக்கு. நாமளே ஒரு வீரனாவோ மந்திரவாதியாவோ மாறி, அந்த ஊர்ல குடியிருந்து, அங்க இருக்கறவங்ககிட்ட பேசிப் பழகி, மாசக்கணக்கா ஒரு கதைக்குள்ள வாழணும். அப்படி ஆடறவங்க மனசுல என்ன ஓடுது, அதுல இருந்து என்ன கத்துக்கறாங்க? இதுதான் என் ஆராய்ச்சி.

எங்க கைடு மேடம் கறாரான ஆளு. பஸ் ஏறும்போதே போன்ல அட்வைஸ்.

"இங்க பாரு மல்லிகா, அவர் பேசும்போது 'கேம்ல', 'கேம்ல'ன்னு குறுக்க சொல்லிட்டே இருக்காத. ஆள் மூடு போயிடும். நெஜமாவே நடந்த விஷயம் மாதிரி கேளு. அப்பதான் உள்ள இருக்கறது வெளிய வரும்."

வந்துச்சு. எல்லாமே வெளிய வந்துச்சு.

பேட்டி குடுக்கறவர் பேரு சரவணன். நாப்பது வயசு இருக்கும். உரக்கடை வெச்சிருக்கார். வூட்டு வாசல்லயே நின்னு வரவேத்தார். பின்னாடியே அவர் சம்சாரம் கவிதா.

"வாங்க மேடம். உரத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்றீங்களாமே? இவரு சொன்னாரு."

உரமா?

நான் சரவணனைப் பாத்தேன். அவர் கண்ணாலயே என் கால்ல விழுந்தார்.

"ஆமாங்க, உரம்தாங்க" அப்படின்னுட்டேன். பொய் சொல்றது எனக்கு அவ்வளவா வராது. "எல்லா உரமும்" அப்படின்னு வேற சேத்துக்கிட்டேன்.

கவிதா சமையக்கட்டுக்குள்ள போனதும் அவர் கிசுகிசுத்தார். "கேம் ஆடறது வூட்டுல தெரியாதுங்க. ஸ்டாக் என்ட்ரி போடறேன்னு சொல்லி வெச்சிருக்கேன். இந்த வயசுல பொம்மையாட்டம் ஆடறேன்னா சிரிப்பாங்க."

அறிவுள்ளவளா இருந்தா அப்பவே பையைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பியிருக்கணும். எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? ஆஹா, ரகசியமா ஆடறவர்! தீசிஸ்ல தனி அத்தியாயமே போடலாம்!

உள்ள மிக்ஸி ஓட ஆரம்பிச்சது. "இப்ப கேளுங்க, அந்தச் சத்தத்துல ஒன்னும் கேக்காது" அப்படின்னார். நான் போன்ல ரெக்கார்டரை ஆன் பண்ணேன். மிக்ஸியைத் தாண்டிப் பேசணுமே, ரெண்டு பேரும் சத்தமாத்தான் பேசினோம்.

"உங்களுக்கு ரொம்ப நெருக்கமானவங்க யாருங்க?"

சரவணன் முகமே மாறிடுச்சு. "மிரேலாங்க."

"அவங்களை மொதல்ல எங்க பாத்தீங்க?"

"ஆத்தோரமா. மூலிகை பறிச்சிட்டிருந்தா. எனக்குக் கையில காயம். அவளே வந்து பச்சிலை வெச்சுக் கட்டினா."

"அப்புறம்?"

"அப்புறம் தெனம் போவேன். அவளுக்கு நீலப்பூன்னா உசுரு. மலை மேலதான் கெடைக்கும். ஏறிப் பறிச்சாந்து குடுப்பேன். குடுக்கக் குடுக்க என் மேல பிரியம் ஏறிட்டே போச்சு."

மனுஷன் உருகறார். நானும் உருகறேன். கைடு சொன்னது நூத்துக்கு நூறு சரி!

"இப்ப எந்த நிலையில இருக்கு உங்க உறவு?"

"கோயில்ல வெச்சுக் கல்யாணம் பண்ணிக்கிட்டோங்க."

உள்ள மிக்ஸி நின்னுச்சு. கரண்டு போயிடுச்சு போலன்னு நெனச்சேன். தலைக்கு மேல ஃபேன் சுத்திக்கிட்டிருந்தது என் மண்டைக்கு எட்டல.

அதோட விட்டேனா? குடும்பத்தாரோட மனப்பான்மைன்னு ஒரு கேள்வி பாக்கி இருந்துச்சே.

"இது உங்க வூட்டுல தெரியுமா?"

"தெரியாதுங்க."

"எப்பவாவது சொல்லலாம்னு தோணுமா?"

"எதுக்குங்க? அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது."

பின் கதவு படார்னு சாத்துற சத்தம். காத்துன்னு நெனச்சேன். ஆராய்ச்சியாளர் எதையும் கூர்ந்து கவனிக்கணும்னு மொத வருஷமே சொல்லிக் குடுத்தாங்க. நான் அன்னிக்கு லீவு போல.

சரவணன் தொடர்ந்தார். "ஒரு தடவை அவளை ராட்சசன் அடிச்சுக் கொன்னுட்டான். மனசே கேக்கல. அதுக்கு முன்னாடி சேமிச்சு வெச்சிருந்த சேவ்ல இருந்து மறுபடி ஆடி உசுரோட கூட்டியாந்துட்டேன்."

கவிதா அந்த ஒரு வரியை மட்டும் கேட்டிருந்தா போதும். ஆனா அவங்க கொல்லைப்பக்கம் நின்னு அண்ணனுக்குப் போன் போட்டுக்கிட்டிருந்தாங்க.

காபி வர்ற மாதிரித் தெரியல. "இருங்க, குடிக்கக் கலராச்சும் வாங்கியாறேன்" அப்படின்னு சரவணன் கெளம்பினார். நான் சோபாவுல ஒத்தையா உக்காந்து, இன்னும் என்ன கேக்கலாம்னு யோசிச்சிட்டிருந்தேன்.

வாசல்ல பைக் வந்து நின்னுச்சு. ரெண்டு பேர் உள்ள வந்தாங்க. ஒருத்தர் கவிதாவோட அண்ணன், கோவிந்தண்ணன். பஸ் ஸ்டாண்டு பக்கம் புளி மண்டி வெச்சிருக்கறவர். கூட அவங்க சித்தப்பா. ரெண்டு பேரும் வேட்டியை மடிச்சுக் கட்டியிருந்தாங்க. பின்னாலயே கவிதா, கண்ணெல்லாம் செவந்து.

கோவிந்தண்ணன் என்னை மேலயும் கீழயும் பாத்தார்.

"நீதானா அது?"

ஆராய்ச்சிக்கு வந்த பொண்ணைக் கேக்கறார்னு நெனச்சு எழுந்து நின்னு கும்புட்டேன். "ஆமாங்கண்ணா, நான்தாங்க."

"எவ்வளவு நாளா நடக்குது இது?"

"மூணு வருஷமா நடக்குதுங்க."

கவிதா செவுத்தைப் புடிச்சுக்கிட்டாங்க.

"கூசாம சொல்றா பாரு! உங்க வூட்டுல தெரியுமா?"

"தெரியுங்க. மொதல்ல திட்டினாங்க, இப்ப பழகிட்டாங்க."

"பழகிட்டாங்களா! இதை எப்ப விடறதா உத்தேசம்?"

"நானும் சீக்கிரம் முடிச்சிடலாம்னுதாங்க பாக்கறேன். கைடு மேடம்தான் விட மாட்டேங்கறாங்க."

"அது யாரு?"

"எனக்கு மேல இருக்கறவங்க."

"அடப்பாவி! இவளுக்கு மேல இன்னொருத்தி வேறயா!"

சித்தப்பா மெதுவா சோபாவுல உக்காந்தார். உக்காந்தவர் என்னை ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "ஏம்மா, உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லீங்களே."

"பின்ன கோயில்ல நடந்தது என்ன?" அப்படின்னு கவிதா அழ ஆரம்பிச்சாங்க.

அப்பதாங்க எனக்கு மிக்ஸியும் புரிஞ்சது, கதவும் புரிஞ்சது. மிக்ஸி சத்தத்துல 'கல்யாணம் பண்ணிக்கிட்டோம்'ங்கறது மட்டும் கவிதா காதுல விழுந்து, அது என்னைத்தான்னு நெனச்சுட்டாங்க. "ஐயோ, நான் மிரேலா இல்லீங்க!"ன்னு கத்தினேன். "அப்ப அவ வேறயா!"ன்னு கோவிந்தண்ணன் பதிலுக்குக் கத்தினார். எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகுது!

சரியா அந்த நேரம் பாத்து கலர் பாட்டிலோட உள்ள வந்தார் சரவணன். "அட மச்சான்! எப்ப வந்தீங்க? தெரிஞ்சிருந்தா சேத்து வாங்கியாந்திருப்பேனே."

"வெச்சுக்கோங்க மாப்ள உங்க கலரை. கோயில்ல கல்யாணம் பண்ணீங்களாமே?"

மனுஷன் மொகத்துல ரத்தமே இல்ல. என்னைப் பாத்தார். நான் போனைப் பாத்தேன். ரெக்கார்டர் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

"மச்சான், அது பொம்மைங்க."

"பொண்ணுங்களைப் பொம்மைன்னு சொல்லுவியா?" எங்கிருந்தோ வந்த பெண்ணுரிமைக் கோவத்துல சித்தப்பா எழுந்துட்டார்.

வேற வழியில்ல. சரவணன் கம்ப்யூட்டரைப் போட்டார். எல்லாரும் அதுக்கு முன்னாடி நாற்காலி போட்டு உக்காந்தோம். மலை வந்துச்சு, ஆறு வந்துச்சு, ஓட்டு வூடு ஒன்னு வந்துச்சு. கதவைத் தொறந்துக்கிட்டு மிரேலா வந்தா. பச்சைத் தலைமுடி. காது ரெண்டும் வெண்டைக்காய் மாதிரி கூரா மேல நீட்டிக்கிட்டிருந்தது.

எல்லாரும் நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டாங்க.

"இவளா?" அப்படின்னாங்க கவிதா.

"காது ஏன் மாப்ள இப்படி இருக்கு?" இது கோவிந்தண்ணன்.

"அவங்க சாதியில அப்படித்தாங்க மச்சான். காட்டுல இருக்கறவங்க."

"பொண்ணு வூட்டுல என்ன செஞ்சாங்க?" இது சித்தப்பா.

"ஒரு மந்திரக் கேடயம் குடுத்தாங்க."

"அவ்வளவுதானா?"

சண்டை முடிஞ்சதுன்னு நான் மூச்சு விட்டேன். கோவிந்தண்ணனுக்குச் சிரிப்பு அடக்க முடியல. ஆனா கவிதா சிரிக்கல. திரையையே பாத்துக்கிட்டிருந்தாங்க.

திரையில மிரேலா ஒரு கிண்ணத்துல கஞ்சி கொண்டாந்து வெச்சா. சரவணன் பழக்கதோஷத்துல ஒரு பட்டனை அமுக்கிட்டார். உள்ள இருக்கற வீரன் பதில் சொல்றான், எழுத்து கீழ ஓடுது. 'உன் கையால சாப்பிட்டதும் களைப்பெல்லாம் போயிடுச்சு. உனக்கு இன்னிக்கு நாள் எப்படிப் போச்சு?'ன்னு அதுக்கு அர்த்தம். சரவணன் எங்களுக்காகத் தமிழ்ல வேற சொல்லிட்டார். சொல்லாம இருந்திருக்கலாம்.

கவிதா மெதுவாக் கேட்டாங்க. "என்னை இப்படிக் கேட்டு எவ்வளவு நாளாச்சுங்க?"

சரவணன் பட்டன்ல இருந்து கையை எடுத்துட்டார். நெஜமான பொம்பளையா இருந்தா சண்டை போட்டுத் தொரத்தலாம். இவளை என்ன பண்றது? சாப்பாடு நல்லாருக்குங்கற ஒரு வார்த்தை வெண்டைக்காய் காதுக்காரிக்குக் கெடைக்குது, மிக்ஸியில அரைச்சு ஊத்தறவங்களுக்குக் கெடைக்கல.

சரவணன் தலையைச் சொறிஞ்சார். "இல்ல கவிதா, இதுல கீழ மூணு பதில் வரும். எதைச் சொன்னா சரியா இருக்கும்னு பாத்து அமுக்கிடலாம். நீ தட்டை வெச்சுட்டு ஒரு பார்வை பாப்ப. என்ன சொல்லணும்னு எனக்கு எப்படித் தெரியும்? தப்பா சொல்லிடுவேனோன்னு சும்மா இருந்துடறேன்."

"ஓஹோ! மூணு பதில் குடுத்தா சொல்லிடுவீங்களா?"

"சொல்லிடுவேன்."

கவிதா எழுந்து உள்ள போனாங்க. தட்டுல சோறு, குழம்பு, பொரியல் போட்டுக் கொண்டாந்து அவர் முன்னாடி டக்குன்னு வெச்சாங்க. இடுப்புல கை வெச்சுக்கிட்டாங்க.

"ஒன்னு, குழம்பு ரொம்ப நல்லாருக்கு கவிதா. ரெண்டு, இத்தனை நாள் சொல்லாம இருந்தது என் தப்பு கவிதா. மூணு, ஸ்டாக் என்ட்ரின்னு இனிமே பொய் சொல்ல மாட்டேன் கவிதா. ம், அமுக்குங்க."

சரவணன் வேர்த்துட்டார். "மூணையும் சொல்லட்டுமா?"

"ஒன்னுதான்."

"ரெண்டாவதைச் சொல்லு மாப்ள" அப்படின்னு கோவிந்தண்ணன் காதைக் கடிச்சார்.

"மொதல்ல சேவ் பண்ணிக்கறேனே..."

"அதெல்லாம் இங்க கெடையாது, சீக்கிரம் சொல்லுங்க" அப்படின்னார் சித்தப்பா. அந்தாளுக்குக் கேம் புரிஞ்சுடுச்சு!

சரவணன் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். "இத்தனை நாள் சொல்லாம இருந்தது என் தப்பு கவிதா." அப்புறம் அவரா ஒன்னு சேத்துக்கிட்டார். "உப்புதான் கொஞ்சம் கம்மி."

அது மூணு பதில்லயும் இல்ல! நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

ஆனா கவிதா சிரிச்சுட்டாங்க. அடக்க அடக்க வருது சிரிப்பு. "மிக்ஸியைப் பாதியில நிறுத்திட்டு அழுதேன், உப்பு எங்க போடறது?"

அப்புறம் எனக்கும் ஒரு தட்டு வந்துச்சு. உப்பு கம்மிதான். ரொம்ப நல்லாருக்குன்னு சொன்னேன். அன்னிக்கு நான் சொன்ன ரெண்டாவது பொய்.

கெளம்பும்போது, வந்த கடமைக்குக் கடைசிக் கேள்வியைக் கேட்டேன். "இந்த விளையாட்டுல இருந்து என்ன கத்துக்கிட்டீங்க?"

சரவணன் ரொம்ப யோசிச்சுச் சொன்னார். "பேட்டி குடுக்கறப்ப சமையக்கட்டுக் கதவைச் சாத்திடணுங்க."

மறுநாள் கைடு மேடம் ரெக்கார்டிங்கைக் கேட்டாங்க. முழுசாக் கேட்டாங்க. கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாங்க.

"பேட்டி ஒருத்தரோடதானே? அஞ்சு பேர் குரல் கேக்குதே?"

"குழு விவாதமா மாறிடுச்சு மேடம்."

இதோ, இனிமே என் ஆராய்ச்சியில கலந்துக்கறவங்களுக்குப் புதுசா ஒரு தகுதி சேத்திருக்கேன்: கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, கேமுக்கு வெளியவும் சரி, உள்ளயும் சரி.