ஊறுகாய் டப்பாவில் ஏழு கன்னிமார்

சின்னமனூர்,
சிவராத்திரிக்கு ஐந்து நாள் முன்பு.

ஆண்டிபட்டியில் வீற்றிருக்கும் மூத்த அண்ணன் தவசி அவர்கள் சமூகத்துக்கு, தம்பி மொக்கைச்சாமி தலை குனிந்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வீட்டுக்காரி ஜக்கம்மாவும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. தங்கள் கண் ஆபரேஷன் நன்றாக ஆறி, மதினி விடும் சொட்டு மருந்தைத் திட்டாமல் விட்டுக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் தாங்கள் உடனே பதில் சொல்வீர்கள். அந்தப் பதிலைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. தபால் என்றால் இரண்டு நாள் அவகாசம் கிடைக்கும்.

மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ரிட்டயர் ஆன எனக்குக் கை சும்மா இருக்காது என்பது தாங்கள் அறிந்ததே. பொங்கலுக்கு வந்த பேத்தி ஜோதிகா, ஓசூருக்குத் திரும்பும்போது தன் பிளாஸ்டிக் கட்டை மூட்டையை இங்கேயே மறந்துவிட்டாள். ஒன்றோடொன்று மாட்டி வீடு, கார் எல்லாம் செய்வார்களே அந்தக் கட்டைதான், அதோடு பேட்டரியில் சுற்றும் குட்டி மோட்டார், ரப்பர் பெல்ட், பல்சக்கரம் எல்லாம் கிடந்தது. வாழைத் தோட்டத்துச் சொட்டுநீர்த் தொட்டியில் அடியில் பெரிய கல், நடுவில் நடுத்தரம், மேலே பொடிக்கல் என்று அடுக்கினால் தண்ணீர் தெளிந்து வரும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். கல்லைக் கையால் பிரிக்க அரை நாள் போதும். பிரிக்கிற மெஷினைச் செய்ய நான் பதினெட்டு நாள் எடுத்துக்கொண்டேன். மேலே ஒரு புனல், அதன் கீழே பெல்ட், பெல்ட் முடிகிற இடத்தில் சாய்வாக இரண்டு தண்டவாளம், அதன் இடைவெளி ஆரம்பத்தில் குறுகல், போகப்போக அகலம். பொடிக்கல் முதலில் விழும், பெரிய கல் கடைசி வரை உருண்டு போய் விழும். கீழே மூன்று ஊறுகாய் டப்பா வைத்தேன். "பிள்ளை வெளையாடுற சாமான வச்சுக் கெழவன் வெளையாடுறதப் பாரு" என்றாள் ஜக்கம்மா. ஆனால் மெஷின் வேலை செய்தது அண்ணே, என் கஷ்டகாலம் அதில்தான் ஆரம்பித்தது.

அதே வாரம்தான் தாங்கள் போன் செய்து, ஆபரேஷன் ஆனதால் குனியக் கூடாதாம், இந்த வருசம் நம் குலசாமி கன்னிமார் கல் ஏழையும் நீயே எடுத்துக் கழுவு, சிவராத்திரிக்குப் பங்காளிகள் வரும்போது புது மஞ்சள் பூசி வரிசையாக இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டீர்கள். "ஏலே மொக்கை, ஒரு கல்லு மாறுச்சு, குடும்பம் அத்துப்போகும்" என்றும் சொன்னீர்கள். நாற்பது வருசமாக மூத்தவர் கையைத் தவிர வேறு கை படாத கற்கள். கோயிலிலிருந்து எடுத்துவந்து சீயக்காய் போட்டு ஒரு வருசத்து எண்ணெயும் மஞ்சளும் போகத் தேய்த்தேன். மஞ்சள் போனதும் ஏழு பேரும் வெறும் கல்லாகிவிட்டார்கள். நெல்லிக்காய் அளவில் ஒன்று, எலுமிச்சை அளவில் இரண்டு, மற்றது இடைப்பட்டது, வாய்க்காலில் கிடக்கிற கல்லுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இப்படி நினைத்ததே தப்பு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, முற்றத்தில் சாக்கை விரித்து, அதன்மேல் தலைவாழை இலை போட்டு, இலையில் சாமிகளைக் காய வைத்தேன். அதே சாக்கில் இலைக்குப் பக்கத்தில், மெஷினுக்காக வாய்க்காலில் பொறுக்கிக் கழுவிய கல்லும் காய்ந்துகொண்டிருந்தது.

அப்படியே விட்டுவிட்டுப் பேட்டரி வாங்கக் கடைக்குப் போனேன், கடை பூட்டியிருந்தது, அது வேறு ஒரு சகுனம், எனக்குத்தான் புரியவில்லை. அதற்குள் தோட்ட வேலைக்கு வரும் பிச்சையம்மாளின் ஆடு வந்து இலையைத் தின்றுவிட்டது, நடு நரம்புகூட மிச்சமில்லாமல். நான் திரும்பி வந்தேன், சாக்கில் கல் இருந்தது, முறத்தில் அள்ளிப் புனலில் கொட்டினேன். பேட்டரிதான் இல்லையே என்று பழைய சார்ஜர் ஒன்றை மோட்டாரில் மாட்டினேன். முப்பத்தியொரு வருசம் கரண்டோடு பழகினவன் செய்கிற காரியமா அது? மோட்டார் பேய் பிடித்த மாதிரி சுற்றியது, அக்கா தங்கச்சி ஏழு பேரையும் அளவு பார்த்து மூணு டப்பாவுக்குப் பிரிச்சுப் போட்டுட்டு, கடைசியா ஒரு கல்லு பறந்து வந்து என் இடது புருவத்துல அடிச்சுச்சு. ஒரு கையால புருவத்தப் பொத்திக்கிட்டே பொடிக்கல் டப்பாவக் கொண்டுபோயித் தொட்டியில கொட்டிட்டு வாரேன், ஜக்கம்மா முற்றத்துல நிக்கிறா. "எல எங்க?" என்றாள். நான் ஆட்டைப் பார்த்தேன். "அது கெடக்கட்டும், எலையில இருந்த சாமி எங்க?" என்றாள்.

அண்ணே, மிச்ச ரெண்டு டப்பாவையும் சாக்குல கவுத்துப் பாத்தேன், எது சாமி, எது கல்லுன்னு தெரியல. வீங்கின புருவத்தப் பாத்துட்டு அவ, "இது கடக்குட்டித் தங்கச்சி வேலதேன். அதுக்குத்தேன் கோவம் சாஸ்தி" என்கிறாள். தொட்டிக்குள் எத்தனை சாமி போயிருக்கிறது என்று தெரியவில்லை, தண்ணீரைத் திறக்கவும் பயம், மூடவும் பயம், வாழை வாடுகிறது. மெஷின் வீசிச் சிதறிய கல் மூலை முடுக்கெல்லாம் கிடக்கிறது, பிச்சையம்மாள் விளக்குமாற்றைத் தொட மாட்டேன் என்கிறாள், "சாமியக் கூட்டித் தள்ளுனா என் கை வெளங்குமா" என்று ஆட்டையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கைக்குக் கிடைத்தது நூற்று நாற்பத்து மூன்று கல். சரி, கன்னிமாரையே கேட்போம் என்று பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளைப் பூ வந்தால் சாமி, சிவப்பு வந்தால் கல். கல்லுக்கு ஒரு தடவையாக ஜக்கம்மா கண்ணை மூடிப் பொட்டலம் எடுத்தாள். முதல் கல்லுக்கு வெள்ளை. இரண்டாவதுக்கும் வெள்ளை. வரிசையாக ஒன்பது வெள்ளை. இருக்கிறதே ஏழு பேர்தான் அண்ணே, ஒம்பது பேரு வந்துட்டாக. பத்தாவது கல்லுக்குக் கேட்கத் தைரியம் இல்லாமல் பூவைக் கீழே வைத்துவிட்டேன்.

இனித் தாங்கள்தான் கதி. நாற்பது வருசம் பழகிய கை, தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். குனிய வேண்டாம், ஸ்டூலில் உட்காருங்கள், ஒவ்வொரு கல்லாக நான் கையில் தருகிறேன். பங்காளிகள் வருவதற்குள் வந்து அந்த ஏழு பேரையும் காட்டிக் கொடுத்து, என் குடும்பத்தைக் காப்பாற்றுங்கள். கோபம் இருந்தால் தேனி பஸ் ஸ்டாண்டிலேயே இறக்கி வைத்துவிட்டு வரவும். மதினிக்கு எங்கள் இருவரின் கும்பிடு. மூத்தவர் ஆசியை எதிர்பார்த்து, தண்ணீர்கூட இறங்காமல் காத்திருக்கும்,

தங்கள் தம்பி,
மொக்கைச்சாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது மதினி போன் செய்தார்கள். "தம்பி, கல்லக் கழுவிட்டீகளா? ஒங்களுக்கு ஒண்ணும் வித்தியாசமாத் தெரியலயே?" என்று கேட்டார்கள். எதற்கு என்றேன். "ஒங்கண்ணன் மூணு நாளாக் கஞ்சிகூடக் குடிக்கல தம்பி. நாலு வருசத்துக்கு முன்ன முல்லையாத்துல வச்சுக் கழுவையில அணையில தண்ணியத் தெறந்துவிட்டாக. கூடையோட கல்லு போயிருச்சு. கரையில கெடந்த ஏழு கல்லப் பொறுக்கி மஞ்சளப் பூசி வச்சுட்டு இத்தன நாளா வெளிய சொல்லல. இப்ப நீங்க கழுவையில கண்டுபிடிச்சிருவீகன்னு நடுங்குறாக. நான் சொன்னேன்னு சொல்லிராதீக" என்றார்கள்.

ஆகவே அண்ணே, மேலே எழுதியது எதையும் மனதில் வைக்க வேண்டாம். கஞ்சியைக் குடியுங்கள். இருக்கிற கல்லில் ஏதோ ஏழு பேருக்கு மஞ்சள் பூசி வைத்துவிடுகிறேன், நீங்களும் நானும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நான் அரை மணி நேரம் சிரித்தேன், ஜக்கம்மா பயந்தே போனாள். அப்புறம் ஒண்ணு நெனப்பு வந்துச்சு, சிரிப்பு நின்னுபோச்சு. போன வருசம் ஜோதிகாவுக்கு டெங்கு வந்து ரத்தத்துல தட்டணு கொறஞ்சப்ப, அந்த ஏழு கல்லு காலடியில விழுந்துதான் நாம ரெண்டு பேரும் அழுதோம். பிள்ளை பிழைச்சு வந்துச்சு. அது ஆத்தங்கரையில கெடந்த கல்லுன்னா, அன்னைக்கி நம்ம கேட்டதக் குடுத்தது யாருண்ணே? இதைத் தபாலில் போட இப்போது கிளம்புகிறேன். பெட்டி வரைக்கும் வழியெல்லாம் கல்லாக் கெடக்கு. எத மிதிச்சு நடக்குறது?