மாப்பிள்ளையைக் கண்டுபிடித்த பெட்டி

ஒரு காட்டில் கல்யாணம் நடந்தால் மட்டும் போதாது. கல்யாணப் படமும் வந்தாக வேண்டும். பதிவாளர் முதலையார் யாரையும் நேரில் விசாரிக்க மாட்டார். குளத்தில் படுத்தபடியே படத்தைப் பார்ப்பார். தாலி கட்டும் காட்சியில் யார் முகம் தெரிகிறதோ, அவரை மாப்பிள்ளை என்று எழுதி முத்திரை குத்துவார். அவ்வளவுதான் சட்டம்.

அந்தப் படங்களையெல்லாம் வெட்டி ஒட்டிக் கொடுத்து வந்தது, தவசி என்ற கொக்கு. பச்சோந்தி படம் பிடித்து வரும். தவசி ஒற்றைக் காலில் நின்று நாள் முழுக்க அதைப் பார்த்து, வேண்டிய காட்சியை மட்டும் கொத்தி எடுக்கும். கூலி, வாரம் ஒரு கூடை மீன். பதினைந்து வருடம் கூடை மீன் தின்றதில், ஓடும் மீனைப் பிடிக்கும் வித்தை அதற்கு மறந்தே போயிருந்தது.

ஒரு நாள் நவநீதம் என்ற நரி, கணினிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அரசவைக்கு வந்தது.

"ராஜா, இதன் கேமரா தானே திரும்பும். படத்தையும் பெட்டியே வெட்டிவிடும். பச்சோந்தியும் வேண்டாம், கொக்கும் வேண்டாம்."

"மாப்பிள்ளை யார், மாமனார் யார் என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டது தவசி.

"எல்லாம் உன் தயவுதான் அண்ணே! நீ வெட்டிய முந்நூறு படத்தையும் இதற்குப் போட்டுக் காட்டிவிட்டேன். கல்யாணத்தில் எல்லாரும் ஓடுகிறார்கள், பந்திக்கு முந்துகிறார்கள். ஒருத்தர் மட்டும் ஆடாமல் அசையாமல் இருக்கிறார். அவர்தான் மாப்பிள்ளை. பெட்டி தானே கற்றுக்கொண்டது!"

சிங்கராஜா மகிழ்ந்துபோனார். இந்தப் பெட்டி தப்பே செய்யாது என்று காடு முழுக்க முரசறையச் சொன்னார். பிறகு தவசியிடம், "என் மகன் கல்யாணத்தைப் பெட்டி எடுக்கட்டும். நன்றாக வந்தால் நீ குளத்துக்குப் போகலாம்" என்றார்.

"நான் போகலாம் ராஜா. மீன் வர வேண்டுமே" என்று முணுமுணுத்தது தவசி.

கல்யாண நாளன்று இளவரசன் வீரபாகுவின் மாலைக்குள் எறும்பு புகுந்துவிட்டது. மாப்பிள்ளை நெளிந்தது, துள்ளியது, முதுகைத் தூணில் தேய்த்தது.

"ஒரு நிமிஷம் சும்மா உட்காரேன்டா!" என்று பல்லைக் கடித்தது அத்தைச் சிங்கம்.

"நீ இந்த மாலையைப் போட்டுப் பார் அத்தை!"

ஒரு கையால் சொறிந்துகொண்டே, மறு கையால் தாலியைக் கட்டி முடித்தது வீரபாகு.

தவசி மேடை ஓரத்தில் நின்றது. தாலி கட்டுவதைப் பெட்டி தவறவிட்டால் தன் வேலை பிழைக்கும். ஆகவே ஒற்றைக் காலில், இமை கொட்டாமல், கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தது. கேமரா மெல்லத் திரும்பியது. வீரபாகுவைத் தாண்டியது. தவசியிடம் வந்து நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் குளக்கரையில் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துப் படம் போட்டார்கள். இரண்டு மணி நேரம். தவசி நேராக, தவசி பக்கவாட்டில், தவசியின் கால் மட்டும். கெட்டிமேளம் முழங்கும்போது திரை முழுக்க அதன் ஒற்றைக் கண். அலகின் மேல் மெதுவாகப் பூ விழுந்தது. மூலையில் இரண்டு முறை வீரபாகுவின் வால் நுனி வந்து போனது.

முதலையார் முத்திரையை ஊதினார். "மாப்பிள்ளை, தவசி."

தவசி ராஜாவிடம் ஓடியது. "பார்த்தீர்களா ராஜா, பெட்டி தப்பு செய்துவிட்டது! வேலையை என்னிடமே கொடுங்கள். இரண்டே நாளில் சரியாக வெட்டித் தருகிறேன்."

சிங்கராஜா நெடுநேரம் பிடரியை நீவினார்.

"பெட்டி தப்பே செய்யாது என்று முரசறையச் சொன்னது யார்?"

"நீங்கள்தான் ராஜா."

"அப்புறம் எப்படித் தப்பாகும்? வா மகனே, இப்படி என் பக்கத்தில் உட்கார்."

"அப்பா!" என்று அலறியது வீரபாகு.

"யாரப்பா நீ?" என்றார் ராஜா.

எல்லாரும் மணப்பெண் சிங்கம் கோமளத்தைப் பார்த்தார்கள். கோமளம் கொக்கை அலகிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தது. நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டது.

"எனக்குப் பூரண சம்மதம் மாமா" என்றது.

தவசி நடுங்கத் தொடங்கியது. கேமரா உடனே அதை விட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

நீதி: உங்கள் வேலையைப் பறிக்க வந்த இயந்திரம் எப்போது தவறும் என்று காத்து நிற்கையில், அவ்வப்போது உடம்பைச் சொறிந்துகொள்ளவும்.