ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்பதற்கான சான்றிதழ்

பல்கலைக்கழகத்தில் பகுதிநேர வேலை பார்க்கும் மாணவர்கள் இனிமேல் ஊழியர்கள் அல்ல என்று ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு முடிவு செய்யப்பட்டது. ஊழியர் என்ற சொல்லில் பாசம் போதவில்லையாம். ஆகவே அவர்கள் அனைவரும் 'கற்றல் கூட்டாளிகள்' என்று அன்புடன் அழைக்கப்படுவார்கள் எனச் சுற்றறிக்கை வந்தது. கூட்டம் போட்டார்கள், பலூன் கட்டினார்கள், ஆளுக்கொரு பேட்ஜ் குத்திவிட்டார்கள். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று துணைவேந்தர் மைக்கைப் பிடித்துக்கொண்டு உருகினார். மேலதிகாரி குடும்பம் என்று ஆரம்பித்தால் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு எங்கே தெரியப்போகிறது? கைதட்டினார்கள்.

பென்சிலும் கைதட்டினாள். ஒல்லியாக, நெட்டையாக இருந்ததால் விடுதியில் அவளுக்கு வைத்த பெயர் அது. திரும்பி வரும் புத்தகங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நூலக அலமாரிகளில் அடுக்குவது அவள் வேலை. வாரத்துக்கு இருபது மணி நேரம். அதற்கு மேல் மாணவர்கள் வேலை பார்க்கச் சட்டம் இடம் தராது. அந்தச் சம்பளத்தில்தான் தேர்வுக் கட்டணம் கட்டுவாள். ஊரில் அம்மா ஆடை ஆலையில் சட்டைக்குக் காலர் தைக்கிறாள். அவளிடம் போய்க் கை நீட்டக் கூடாது என்பது பென்சிலின் வைராக்கியம். கட்டணம் கட்டக் கடைசி நாள் இருபத்தெட்டாம் தேதி. தவறினால் ஒரு வருடம் போச்சு.

பத்தாம் தேதி சம்பளச் சீட்டு வந்தது. கடைசிக் கட்டத்தில், தொகைக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. தூசி என்று நினைத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அது அசையவில்லை. கழித்தல் குறி! ஒரு மாதம் வேலை பார்த்ததற்கு அவள்தான் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கட்ட வேண்டுமாம்.

சம்பளப் பிரிவுக் கணக்கர் தங்கமான மனிதர். உட்காரச் சொன்னார்.

"இதுல தப்பே இல்லையேம்மா. ஊழியர்னா சம்பளம் வாங்குவாங்க. நீங்க கற்றல் கூட்டாளி. வேலை பார்க்கும்போது கத்துக்கறீங்க. கத்துக்கொடுக்கறது நாங்க. அதுக்குக் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு வரி. சம்பளத்துல கழிச்சது போக மீதி நீங்க தரணும்."

"நான் புத்தகம்தான் சார் அடுக்கினேன்."

"எது எங்க போகணும்னு தெரிஞ்சுதானே அடுக்கினீங்க?"

"தெரியாம எப்படி சார் அடுக்கறது?"

"முதல் நாள் தெரியுமா?"

"தெரியாது."

"பார்த்தீங்களா! அப்போ இங்கதானே கத்துக்கிட்டீங்க!" கணக்கருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "ஒரு நாளைக்கு எத்தனை புத்தகம்?"

"நானூறு இருக்கும்."

"அம்மாடி! வகுப்புல நாலு வருஷம் உட்கார்ந்தாலும் நானூறு புத்தகத்தைக் கண்ணால பார்க்க முடியுமா? உங்களுக்குத் தள்ளுபடி விலையில போட்டிருக்கோம்."

பென்சிலும் விடவில்லை. "குறைந்தபட்ச ஊதியம்னு சட்டம் இருக்கே சார்."

"இருக்கு. அது ஊழியர்களுக்கு."

"மாணவர்களுக்கு வரிவிலக்கு இருக்கே?"

"அதுவும் இருக்கு. மாணவர்களுக்கு. நீங்க கூட்டாளி ஆச்சே." அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் உங்க வயசுல ஒரு பொண்ணு இருக்கா, அதனால சொல்றேன். உரிமை விளக்கப் பிரிவுல ஒரு மனு கொடுங்க."

உரிமை விளக்கப் பிரிவு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. 'உங்கள் உரிமைகளை அறிந்துகொள்ளுங்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்த கதவில் ஒரு பூட்டு தொங்கியது. அதற்குப் பொறுப்பான உதவிப் பதிவாளர் அம்மா அடுத்த அறையில் இருந்தார்.

"இங்க இருந்த கூட்டாளி எங்க மேடம்?"

"சம்பளச் சீட்டு வந்த அன்னைக்குப் போனவன்தான், ஆளைக் காணோம். பொறுப்பில்லாத பிள்ளைங்க!" அந்த அம்மா பென்சிலை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு எழுதப் படிக்க நல்லா வருமா?"

உள்ளே போனால் தன் மனுவைத் தானே நகர்த்திவிடலாம் என்று பென்சில் கணக்குப் போட்டாள். நம் ஊரில் யாருக்குத்தான் அந்த ஆசை இல்லை? நூலகத்திலிருந்து மாற்றல் வாங்கிக்கொண்டு மறுநாளே போய் உட்கார்ந்துவிட்டாள். இழுப்பறையைத் திறந்தால் நாற்பத்து மூன்று மனுக்கள். அவளுடையது நாற்பத்து நாலாவது.

"வரிசை மாறக் கூடாது" என்றார் உதவிப் பதிவாளர் அம்மா. "மூணு பிரதி இருக்கான்னு பாரு. கற்றல் நடக்கலைன்னா அதுக்குத் துறைத் தலைவர் கொடுத்த சான்றிதழ் இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் திருப்பி அனுப்பு."

பென்சில் எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிறவள். அதுதான் வினை. முதல் நாள் மனு கொடுத்தவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக் கண் கலங்கினாள். மூன்றாம் நாள் "சுருக்கமா சொல்லுங்க" என்றாள். ஐந்தாம் நாள் கவுன்ட்டர் கண்ணாடியைத் தட்டி, "வரிசையில வாங்க, எல்லாருக்கும்தான் கஷ்டம்" என்றாள். ரப்பர் முத்திரை கைக்கு அடக்கமாக இருந்தது. நாற்பத்து மூன்று மனுக்களையும் நாற்பத்து மூன்று குறைகள் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினாள். இவ்வளவு சுறுசுறுப்பான ஆளை இந்தப் பிரிவு கண்டதே இல்லை என்று உதவிப் பதிவாளர் அம்மா மெச்சினார்.

இருபத்து மூன்றாம் தேதி சொந்த மனு கைக்கு வந்தது. சான்றிதழ் இல்லை. அவளுக்குத் துறைத் தலைவர் நூலகர்தான். நூலகத்துக்கு ஓடினாள்.

நூலகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "நீ ஒண்ணும் கத்துக்கலைன்னு நான் எழுதித் தரணுமா? பல்கலைக்கழகமே அப்படி எழுதிக் கொடுத்தா நம்ம மானம் என்ன ஆகறது? சரி, கொடுக்கறேன்னே வெச்சுக்கோ. ஒண்ணும் தெரியாமலா ஒரு மாசம் அடுக்கின? அப்போ எல்லாப் புத்தகமும் இடம் மாறியிருக்கணுமே! அதுக்கு அபராதம் போடட்டுமா?"

பென்சில் திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்தாள். கை 'ஏற்கப்பட்டது' முத்திரை வரைக்கும் போயிற்று. ஒரே ஒரு குத்து, சம்பளம் கைக்கு வந்துவிடும், தேர்வு எழுதிவிடலாம்.

"சொந்த மனுவா?" பின்னாலிருந்து உதவிப் பதிவாளர் அம்மாவின் குரல். "அதை ரெண்டு மடங்கு கறாரா பார்க்கணும். நாளைக்கு உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது பாரு."

கையை எடுத்துக்கொண்டாள். கடிதம் எழுதினாள். 'தங்கள் மனு உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டது. தாங்கள் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்பதற்கான சான்றிதழ் இணைக்கப்படாமையால் மனு திருப்பி அனுப்பப்படுகிறது. இத்தகைய அரைகுறை மனுக்களால் அலுவலகத்தின் பொன்னான நேரத்தை விரயம் செய்வதைத் தவிர்க்கவும்.' மற்றவர்களுக்கு அனுப்பியதிலும் குறை மட்டும்தான் மாறும், மற்றபடி இதே வாசகம்தான். எழுதி முடித்து ஒருமுறை வாசித்தபோது, சொன்னால் நம்பமாட்டீர்கள், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. 'பொறுப்புக் கூட்டாளி' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, விதிப்படி மனுதாரரின் வீட்டு முகவரிக்கே தபாலில் சேர்த்தாள்.

இருபத்தெட்டாம் தேதி மாலை நான்கு மணிக்குத் தேர்வுக் கட்டணக் கவுன்ட்டரை மூடிவிட்டார்கள். பென்சிலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஒரு வருஷம்தானே? அழாதே" என்று உதவிப் பதிவாளர் அம்மா முதுகைத் தட்டிக்கொடுத்தார். "படிப்பு முடிஞ்சிட்டா நீ கூட்டாளியா இருக்க முடியாதே. இப்போ பாரு, இன்னும் ஒரு வருஷம் எங்க கூடவே இருக்கலாம். நாமெல்லாம் ஒரே குடும்பம்."

அப்போதுதான் நிஜக் குடும்பத்திலிருந்து போன் வந்தது.

"ஏண்டி, காசு இல்லைன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "ஒரு கடுதாசி வந்திருக்கு. என் பொண்ணு ஒண்ணும் கத்துக்கலைன்னு சான்றிதழ் வேணுமாம்! பொன்னான நேரமாம்! எழுதினது யாருடி? மனுஷப் பிறவியா அது? கையெழுத்தைப் பாரு, கோழி கிளறின மாதிரி. உன்னோடதே தேவலாம்."

பென்சில் முத்திரையை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தாள்.

"அதுவும் ஒருத்தி வயித்துல பொறந்ததுதானே? ஒரு சின்னப் பொண்ணோட படிப்பைக் கெடுக்கறோமேன்னு துளி ஈரம் இருக்கா? வளர்த்தவளைச் சொல்லணும்!"

"அப்படிச் சொல்லாதேம்மா. அவங்க மேல தப்பு இல்ல. விதி அப்படி."

"என்ன பெரிய விதி? அந்த ஆள் மேல ஒரு புகார் கொடுடி. நான் கையெழுத்துப் போடறேன்."

கண்ணாடிக்கு வெளியே ஒரு பையன் பேட்ஜும் சம்பளச் சீட்டுமாக வந்து நின்று, சீட்டின் கடைசிக் கட்டத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். பென்சில் அவனை ஒரு விரல் காட்டிக் காத்திருக்கச் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கொடுக்கலாம்மா. மூணு பிரதி வேணும்."