கொப்பரைக்கு ஒரு நாள் எஜமானன்

இந்த வருடம் மேப்பிள் பாகு காய்ச்சப்போவது தான்தான் என்று எல்வின் முடிவெடுத்தபோது காலை மணி ஐந்தரை. வாயில் பல்துலக்கி, எதிரே கண்ணாடி. கண்ணாடியைப் பார்த்துத்தான் அறிவித்தார். அது மறுத்துப் பேசவில்லை. அந்த வீட்டில் அவரை மறுத்துப் பேசாத ஒரே ஆள் அதுதான்.

எல்லாம் ஓர் அட்டையால் வந்த வினை. பனி இளகி மேப்பிள் மரங்களில் முதல் சாறு இறங்கினால் அந்தச் சனிக்கிழமை மாலை ஊர்ப் பொதுமண்டபத்தில் விருந்து. அவித்த பயறு, பன்றித் தொடை, டோனட், ஊறுகாய், பனிக்கட்டிமேல் ஊற்றிச் சுருட்டித் தின்ன சுடச்சுடப் பாகு. ஒவ்வொரு பண்டத்துக்கு முன்னாலும் ஓர் அட்டை, அதில் செய்தவர் பெயர். முப்பத்தோரு வருடமாக முதல் பாகுக்கு முன்னால் இருந்த அட்டை ஒன்றேதான். ‘பாகு: தெல்மா.’

தெல்மா அவருடைய மனைவி. பாகு காய்ச்சுகிற கொப்பரை அவள் அப்பா கொடுத்தது. காய்ச்சுவது அவள். காட்டுத் தொட்டியில் சேரும் சாற்றைக் கொண்டுவந்து கொட்டுவது எல்வின். முதலில் குதிரையோடு, பிறகு டிராக்டரோடு, இப்போது புதுக் காட்டுவண்டியோடு. ஜீப்புக்குக் குட்டி, டிராக்டருக்குத் தம்பி மாதிரி ஒரு வண்டி. முன்னால் இரண்டு இருக்கை, பின்னால் நூறு காலன் தொட்டி, நாலு சக்கரத்திலும் சங்கிலி. வெர்மான்ட் மலைநாட்டின் மார்ச் சேற்றில் அது புகாத இடமில்லை. ஆனால் எத்தனை வண்டி மாறி என்ன? அட்டை மாறவில்லை. அந்த மண்டபத்தில் ஊறுகாய்க்குக்கூடப் பெயர் இருந்தது. எல்வினுக்கு இல்லை.

சமையலறைக்குள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கப்பல் கரை ஒதுங்குவதுபோல் நுழைந்தார்.

“முதுகு பிடிச்சுக்கிச்சு, தெல்மா.”

“எந்தப் பக்கம்?”

“ரெண்டு பக்கமும்.”

“நேத்து கட்டில்ல உருண்டு என் போர்வையையும் பறிச்சுக்கிட்டப்ப நல்லாத்தானே இருந்துச்சு?”

“பறிச்சதுலதான் பிடிச்சுக்கிச்சு.”

தெல்மா முட்டையைத் திருப்பிப் போட்டாள். “அப்ப இன்னைக்குச் சாறு யார் இறக்கறது? காட்டுத் தொட்டி ரொம்பி வழியுது.”

“நீ இறக்கேன். புது வண்டி, வெண்ணெய் மாதிரி போகும். நான் கொட்டகையில கொப்பரையைப் பாத்துக்கறேன். உக்காந்து பாக்கற வேலைதானே.”

தெல்மா அடுப்பைக் குறைத்தாள்.

“எட்டு வருஷத்துக்கு முன்னாடி என் தங்கச்சி பிரசவத்துக்குப் போனேனே, நினைவிருக்கா?”

“ஆரம்பிச்சுட்டியா.”

“கொப்பரையைப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டு மான் பாக்கப் போனீங்க. கொப்பரை காஞ்சு, கருகி, கரியாப் போச்சு. எங்கப்பா கொப்பரை. ஆறு நாள் தேய்ச்சேன்.”

“அது பெரிய மான், தெல்மா.”

ஒரு மணி நேரச் சண்டைக்கு அவர் தயாராக இருந்தார். கண்ணாடி முன்னால் ஒத்திகைகூடப் பார்த்திருந்தார். ஆனால் தெல்மா அடுப்பை அணைத்துவிட்டு, கையை நீட்டினாள்.

“சரி. சாவியைக் குடுங்க.”

எல்வின் சாவியைக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் அந்தச் ‘சரி’ உறைத்தது. முப்பத்தோரு வருடத்தில் தெல்மா ‘சரி’ என்று சொன்னது இரண்டே தடவை. ஒன்று தேவாலயத்தில். அதற்கே பாதிரியார் கேள்வியை மறுபடி கேட்க வேண்டியிருந்தது. இரண்டாவது இன்று.

போகும்போது அவள் சீட்டியடித்தாள். அது இன்னும் மோசம்.

முதல் லோடு ஏழரைக்கு வந்தது. தொட்டியிலிருந்து குழாய் வழியாகக் கொப்பரைக்குள் கலகலவென்று இறங்கியது. சாறு பார்வைக்குத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். நாக்கில் வைத்தாலும் இனிப்பு இருக்கிறதா இல்லையா என்று நாக்கு யோசிக்கும். நாற்பது காலனைக் காய்ச்சினால் ஒரு காலன் பாகு. இத்தனை வருடம் இழுத்தவர் எல்வின். அதை எதற்கு நக்கிப் பார்க்க வேண்டும்? அடுப்பில் விறகை அடுக்கினார். நாற்காலியை இழுத்துப் போட்டார். எஜமானன் உட்கார்ந்தார்.

“நீ போனது மேல் பாதையில. வந்தது ஓடைப் பக்கமால்ல இருக்கு?” என்று கேட்டார்.

“மேல் பாதை இளகிடுச்சு. சக்கரம் புதையுது.”

“காலை ஏழு மணிக்கா இளகுது?”

“உங்களுக்கு முதுகு பிடிக்கலாம், பாதை இளகக் கூடாதா?”

வண்டி போய்விட்டது.

எட்டு மணிக்கு ரோஸ்கோ வந்தார். குன்றுக்கு அந்தப்புறம் இருக்கிற அண்டை வீட்டுக்காரர், மனைவியை இழந்தவர். முழங்கால் தேய்ந்துபோனதால் இந்த வருடம் மரத்தில் ஒரு துளைகூடப் போடவில்லை. அவருடைய கொட்டகையும் கொப்பரையும் சும்மா கிடந்தன. வந்தவர் கதவோரம் உட்கார்ந்தார். கிளம்புகிற எண்ணமே இல்லை.

“என்னய்யா ரோஸ்கோ, வீட்ல வேலை இல்லையா?”

“முட்டி வலிக்குது. சூட்டுல உக்காந்தா இதமா இருக்கும்.” ரோஸ்கோ மூக்கை உறிஞ்சினார். “என்னய்யா, ஆவியில வாசனையே காணோம்?”

“இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு.”

“நுரையையும் காணோமே. தெல்மா காய்ச்சினா நுரை கூரைக்கு ஏறும். கொழுப்பு ஒரு சொட்டு விட்டு அடக்குவா.”

“அவ தீ வைக்கற லட்சணம் அப்படி. தீயைச் சமமா வச்சா நுரை ஏன் வருது?”

ரோஸ்கோ கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி, உறிஞ்சினார். அவர் முகம் ஒரு விநாடி எங்கோ போய்விட்டு வந்தது.

“எப்படி?”

“மென்மையா இருக்கு.”

“சும்மாவா?”

“ரொம்ப... ரொம்ப மென்மை. இந்த மாதிரி நான் குடிச்சதே இல்லை.”

எல்வின் பெருமையோடு இன்னும் நாலு கட்டை சொருகினார்.

ஆனால் பதினோரு மணிக்குச் சந்தேகம் சட்டையைப் பிடித்தது. கொப்பரையில் தொங்கிய தெர்மாமீட்டர் தண்ணீர் கொதிக்கிற சூட்டில் நின்றது. அதற்குமேல் ஏழு டிகிரி ஏறினால்தான் பாகு. ஏழு என்ன, அரைகூட ஏறவில்லை. முள்ளுக்குப் பக்கவாதம் வந்ததுபோல் அதே இடம்.

முதலில் தெர்மாமீட்டரைச் சந்தேகப்பட்டார். தட்டினார், திட்டினார், கழற்றித் துடைத்து மாட்டினார். பிறகு விறகைச் சந்தேகப்பட்டார். போன வருடம் ரோஸ்கோ கொடுத்த விறகு அது, எனவே ரோஸ்கோவையும் சேர்த்துக்கொண்டார். பிறகு வானிலையை. பிறகு வேளைக்கு ஒரு லோடு தவறாமல் கொண்டுவந்து இறக்கிய தெல்மாவின் முகத்தை. அதில் சிரிப்பில்லை. சிரிப்பை எங்கேயோ கழற்றி வைத்துவிட்டு வந்த முகம் அது.

“எப்படி, இறுகுதா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்டாள்.

“இறுகிக்கிட்டே இருக்கு.”

“அவசரப்படாதீங்க. கருகிடும்.”

மதியம் ஒன்றரைக்கு விறகு பாதி தீர்ந்திருந்தது. எல்வினின் புருவம் ஆவியில் நனைந்து சொட்டியது. கொப்பரை கடல்போல் கொதித்தது, கடல்போலவே குறையாமலும் இருந்தது. அன்று சனிக்கிழமை, ஆறு மணிக்கு விருந்து. அட்டையைக்கூட அவர் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார், கொட்டை எழுத்தில். ஒரு ஜாடி போதும். ஒரே ஜாடி! காற்றுக்காக வாசலில் வந்து நின்றவர், குன்றைப் பார்த்தார்.

குன்றுக்கு அந்தப்புறம் வெள்ளை ஆவி கொத்துக்கொத்தாய் எழும்பிக்கொண்டிருந்தது.

“ரோஸ்கோ.”

“ம்?”

“அது உன் கொட்டகைதானே?”

ரோஸ்கோ எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “இருக்கலாம்.”

“நீ இங்க உக்காந்திருக்க. அங்க யாரு காய்ச்சறது?”

“எலியா இருக்கும்.”

“எலி அடுப்பு மூட்டுமாய்யா?”

“எங்க பக்கத்து எலிங்க கொஞ்சம் கெட்டிக்காரத்தனமா இருக்கும்.”

எல்வின் தொப்பியை மாட்டினார். “கொப்பரையைப் பாத்துக்க. கருகிடப் போகுது.”

“கருகாது,” என்றார் ரோஸ்கோ. “என் தலையை அடகு வைக்கறேன். இது கருகாது.”

சங்கிலிச் சக்கரத் தடம் பனியில் தெளிவாக இருந்தது. எல்வின் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தடம் மேல் பாதைக்கும் போயிருந்தது, காட்டுத் தொட்டிக்கும் போயிருந்தது. அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பாமல் நேராக ரோஸ்கோவின் கொட்டகைக்குப் போயிருந்தது. சாறு போன வழி அது. சரி. அப்படியானால் என் கொப்பரைக்கு வந்தது எது?

இன்னொரு தடம் ஓடைக்கு இறங்கியது. இறங்கிப் பார்த்தார். ஓடைமேல் உறைந்த பனிக்கட்டியில், ஜன்னல் வெட்டியதுபோல் சதுரமாக ஓர் ஓட்டை. பக்கத்தில் சின்ன பம்பு, சுருட்டி வைத்த குழாய். கைகொள்ளத் தண்ணீர் அள்ளிக் குடித்தார்.

மென்மையாக இருந்தது. ரொம்ப மென்மை.

குன்றில் அவர் ஏறவில்லை, பறந்தார். ரோஸ்கோவின் கொட்டகைக் கதவைத் தள்ளியதும் தேன்போன்ற மணம் முகத்தில் மோதியது. ஆவிக்கு நடுவில் தெல்மா கரண்டியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பொன்னிறப் பாகு கரண்டி விளிம்பில் சொட்டாமல் திரைச்சீலைபோல் தொங்கியது. அந்தப் பதம் கண்ணுக்குத் தெரிய அவளுக்குத் தெர்மாமீட்டர் வேண்டியிருந்ததில்லை. திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்:

“முதுகு எப்படி இருக்கு?”

எல்வின் தன்னைப் பார்த்துக்கொண்டார். கொடிக்கம்பம்போல் நிமிர்ந்து நின்றிருந்தார். சட்டென்று இடுப்பில் கை வைத்தார். தாமதம்தான்.

“நீ எனக்கு ஓடைத் தண்ணியையா ஊத்தின?”

“சுத்தமான தண்ணி. ஐஸை வெட்டி எடுத்தது.”

“நாலு லோடு! விடிஞ்சதுலேர்ந்து தண்ணியைக் காய்ச்சிக்கிட்டிருக்கேன்!”

“எங்கப்பா கொப்பரையில சாறை ஊத்தி உங்ககிட்ட விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா? வெளிய ஒரு மான் எட்டிப் பாத்தா போதும். தண்ணின்னா வத்தினாலும் அடி பிடிக்காதுன்னு நிம்மதியா வண்டி ஓட்டினேன். நான் இங்கேர்ந்து நகரும்போதெல்லாம் தீயைத் தணிச்சுட்டுத்தான் நகர்ந்தேன். இப்பக்கூட பாருங்க, கொப்பரையை விட்டுட்டுத்தானே வந்து நிக்கறீங்க?”

எல்வின் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

“மண்டபத்துல எல்லார் முன்னாலயும் சொல்லுவேன். அடுத்தவன் கொப்பரையில காய்ச்சின பாகுன்னு.”

“சொல்லுங்க. நீங்க காய்ச்சினது என்னன்னு கேப்பாங்க. அதையும் சொல்லுங்க.”

அஸ்திரம் திரும்பி வந்து நெற்றியில் பட்டது. எல்வின் விறகுக்கட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தார். சட்டைப்பையில் அட்டை மடங்கிக் குத்தியது.

“ரோஸ்கோவுக்கு என்ன குடுத்த?” என்று மெதுவாகக் கேட்டார்.

“வாரத்துக்கு ஒரு டஜன் டோனட். சீசன் முடியறவரைக்கும்.”

“நான் ரெண்டு டஜன் குடுத்திருப்பேனே.”

“உங்களுக்கு டோனட் சுடத் தெரியுமா?”

தெரியாது. இந்த வாழ்க்கையில் அவருக்குச் சுடத் தெரிந்தது வெந்நீர்தான் என்பது அன்று நிரூபணமாகியிருந்தது.

தெல்மா கடைசி ஜாடியை மூடி, துணியால் துடைத்து, ஓரமாக வைத்தாள். பிறகு வண்டிச் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவள் விரல் சூடாக, பிசுபிசுவென்று இருந்தது. ஒரு விநாடி கூடுதலாகவே வைத்திருந்தாள்.

“மண்டபத்து பாய்லர் வியாழக்கிழமையே படுத்துடுச்சாம். இருநூறு பேரோட தட்டை எதுல கழுவறதுன்னு பொம்பளைங்க தலையில கை வச்சு உக்காந்திருந்தாங்க. கவலைப்படாதீங்க, எங்க வீட்டுக்காரர் பாத்துப்பார்னு காலையில போன்ல சொல்லிட்டேன். பழைய பால் கேன் இருபது கழுவிக் கவுத்து வச்சிருக்கேன். நீங்க காய்ச்சினதை அதுல ரொப்பி அஞ்சு மணிக்குள்ள கொண்டுபோயிடுங்க. முதுகுதான் சரியாயிடுச்சே.”

அன்று மாலை கொதிக்கக் கொதிக்க இருபது கேன் தண்ணீரை ஏற்றிக்கொண்டு, சங்கிலிச் சக்கரம் சலசலக்க, எல்வின் வயலோரமாக மண்டபத்துக்கு மூன்று நடை ஓட்டினார். அவர் வருவதைப் பார்த்ததும் சமையலறைப் பெண்கள் கை தட்டினார்கள். இவ்வளவு நேரம் சூடு ஆறாத தண்ணீரை இந்த ஊர் பார்த்ததில்லை என்று ஒருத்தி சொன்னாள். பாகுக்கு முன்னால் வழக்கமான அட்டை. அதைப் பார்க்காமலே தாண்டிப் போய், கடைசிக் கேனைத் தொட்டியடியில் இறக்கி வைத்தார். நிமிர்ந்தபோதுதான் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த அட்டையைக் கண்டார். தெல்மாவின் திருத்தமான கையெழுத்து.

‘வெந்நீர்: எல்வின்.’

சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. அட்டை லேசாகச் சாய்ந்திருந்தது. நேராக்கி வைத்தார்.