மைனர் அர்த்தநாரீசுவரர்

“மூச்சு வேணுமின்னா எத்தனை வேணாலும் குடுக்கறேன். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க” என்று சொல்லிவிட்டுச் சடையன் புழுதியில் குந்திக்கொண்டான்.

தீர்த்தகிரி காகிதத்தைப் பார்த்தான். ஆறு கையெழுத்து இருந்தது. சங்கம் பதிய ஏழு வேண்டும். அவர்களுடைய சடுகுடு அணியில் இருப்பதே ஏழு பேர். சடையனின் அப்பன் எப்போதோ ஒரு கையெழுத்துப் போட்டதில் மேட்டுக்காடு முழுக்கப் போய்விட்டது. ஊரில் வேறு யாரையாவது கேட்கலாம் என்றால், சண்டைக் காலத்தில் சர்க்கார் காகிதத்தில் பேர் ஏறினால் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று ஓடினார்கள்.

அவர்கள் ஆடிய இடம் ஏரிக்கரைப் புறம்போக்கு. அதைச் செங்கல் சூளை போட ஒரு கம்பெனி கேட்டிருந்தது. பதிவான சங்கமாக வந்தால் நீங்களும் கேட்கலாம், பேர் இல்லாத கும்பலுக்கு இடம் கிடையாது என்று தாலுகா ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

தீர்த்தகிரிக்கு அந்த இடத்தை விட்டால் வேறு எதுவும் இல்லை. பகலெல்லாம் அடுத்தவன் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்தான். சாயங்காலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டும்போது மட்டும் அவன் எவனுக்கும் ஆள் இல்லை.

“சாமியச் சேத்துப்போடலாம்” என்றான் கையெழுத்துப் போட்டிருந்த கண்ணுசாமி.

யாரும் சிரிக்கவில்லை. அந்த ஊரில் மண்டி வைத்தாலும் வண்டி வாங்கினாலும் கரட்டுக் குன்றின் மேல் இருக்கும் அர்த்தநாரீசுவரருக்கு ஒரு பங்கு எழுதுவார்கள். வியாபாரத்துக்கு வருகிறவர் விளையாட்டுக்கு வரமாட்டாரா?

சேலத்தில் ரிஜிஸ்தர் ஆபீஸ் குமாஸ்தா சரவணமுத்து காகிதத்தை வாங்கி வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார்.

“ஏழாவது மெம்பர், அர்த்தநாரீசுவரர். தகப்பனார் பேரு?”

“கெடையாதுங்க.”

“காலமாயிட்டாரா?”

“மொதல்லயே கெடையாதுங்க.”

“தொழில்?”

தீர்த்தகிரி யோசித்தான். “அழிக்கறதுங்க.”

சரவணமுத்து பேனாவைக் கீழே வைத்தார். “சண்டை நடக்குதுப்பா. இதை எழுதினா உன்னையும் பிடிப்பான், என்னையும் பிடிப்பான். விவசாயம்னு போடறேன். ஆணா, பெண்ணா?”

“வலது பக்கம் ஆணுங்க. இடது பக்கம் பொண்ணுங்க.”

அப்போதுதான் அவருக்கு ஆள் யார் என்று தெரிந்தது. எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுபடி உட்கார்ந்து, “அப்ப ஒரு ஆளா, ரெண்டு ஆளா? ரெண்டுன்னா மெம்பர் எட்டு ஆயிடும்” என்றார்.

“ஒண்ணாத்தானுங்க நிக்கறாங்க.”

“சரி, ஒண்ணு. ஆனா இது செல்லாது. சட்டப்படி தெய்வம் மைனர்.”

“ஏனுங்க, ஒலகம் உண்டாறதுக்கு மின்னாலயே இருந்தவருங்க!”

“எத்தனை யுகம் ஆனாலும் மைனர்தான். கார்டியன் கையெழுத்து வாங்கிட்டு வா.”

திரும்பி வந்தது கரியில் ஓடும் பஸ். பெட்ரோல் எல்லாம் சண்டைக்குப் போயிருந்தது. மேட்டில் இறங்கித் தள்ளினார்கள், பள்ளத்தில் ஏறித் தூங்கினார்கள். தூக்கத்தில் தீர்த்தகிரி ஏரிக்கரையில் நின்றான். கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ சடுகுடு பாடிக்கொண்டு வந்தார்கள். வலது கால் வெறுங்கால். இடது காலில் கொலுசு. மூச்சு அறுபடவே இல்லை, பாட்டு வந்துகொண்டே இருந்தது. பறக்கிற கொக்கு அப்படியே வானத்தில் நின்றது. ஏரித் தண்ணீர் அலையை மடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தது. அவனைத் தொட ஒரு கை நீண்டது. வளையல் போட்ட கையா, போடாத கையா என்று பார்ப்பதற்குள், “மேடு வந்திருச்சு, எறங்குங்க” என்றான் கண்டக்டர்.

கோயில் தர்மகர்த்தா அப்புசாமிதான் கார்டியன். அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“போடறேன். ஆனா சாமி இருக்கற எடத்துல தொடை தட்டக் கூடாது. தண்ணி வாத்துக்காம கோட்டை மிதிக்கக் கூடாது. வெள்ளிக்கெழமை, அமாவாசை, கிருத்திகை, பிரதோசம் ஆட்டம் கெடையாது. மெம்பர் அல்லாதவன் உள்ள வரக் கூடாது. மொதல்ல பாடிப் போறது சாமி.”

“சாமி எப்படீங்க பாடிப் போவாரு?”

“நீங்க சும்மா நில்லுங்க. அவரு போவாரு.”

மறுநாள் சாயங்காலம் ஆறு பேரும் ஈரத் தலையோடு நின்றார்கள். சடையன் மெம்பர் இல்லாததால் கரை மேல் உட்கார்ந்திருந்தான். வெயில் மஞ்சளாகி ஏரியில் இறங்கியது. காற்று வந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் புழுதியை எழுப்பியது.

“போயிட்டாருன்னு நெனைக்கறேன்” என்று கண்ணுசாமி கிசுகிசுத்தான்.

“திரும்பி வந்துட்டாரா?”

“மூச்சு முடியோணுமல்ல?”

“முடிஞ்சுதுன்னு யாரு சொல்றது?”

நின்றார்கள். கரடு நீலமாகி, கறுத்து, கரைந்து போயிற்று. இருட்டிய பிறகு ஒருவரை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்கள். அடுத்த நாளும் அப்படியே.

“மாப்ளே, அவரை அவுட் பண்ணி உடுங்கடா, நேரமாவுது!” என்று சடையன் கரையிலிருந்து கத்தினான்.

தீர்த்தகிரிக்குக் கோபம் வரவில்லை. யாரோ பிடித்த மூச்சுக்குள் தானும் நிற்பதுபோல இருந்தது. ஆடுவதைவிட இது மோசமில்லை என்றுகூடத் தோன்றியது. ஆனால் நிற்பதற்கும் இடம் வேண்டும்.

ஒருவழியாகச் சங்கம் பதிவாகி முத்திரை போட்ட காகிதம் வந்தது. தீர்த்தகிரி அதை வேட்டி மடிப்பில் வைக்கப் பயந்து தலைப்பாகைக்குள் வைத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு நடந்தான். இடம் கேட்கும் மனுவோடு அதைச் சேர்த்துக் கொடுத்தான். பியூன் ராசப்பன் உள்ளே கொண்டுபோனார்.

புளிய மரத்தடியில் உட்கார்ந்தவன் தூங்கிப்போனான். எழுப்பியது ராசப்பன்தான்.

“தாசில்தார் அய்யா சூளைக்காரனுக்கு எழுதிட்டாரு தம்பி.”

தீர்த்தகிரிக்கு இன்னும் கனவா என்று சந்தேகம். “நாங்க பதிஞ்ச சங்கமுங்க. ஏழு மெம்பருங்க. முத்திரையைப் பாத்தாரா?”

“ரெண்டு மனுவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுத்தான் பாத்தாரு. அவன் மனுவுலயும் எல்லாஞ் செரியா இருக்குது. கார்டியன் கையெழுத்து மொதக்கொண்டு.”

“சூளைக்கு எதுக்குங்க கார்டியன்?”

“பாதிப் பங்கு மைனருக்காச்சே! ஒரே ஆளு ஒரே எடத்தை ரெண்டு மனுவுல கேட்டா, முந்தின மனுவுக்குத்தான் குடுக்கறது. உங்க ஏழு பேருல அவரு இல்லாம இருந்திருந்தா அய்யா கொஞ்சம் யோசிச்சிருப்பாரு.”

தீர்த்தகிரி காகிதம் இல்லாத தலைப்பாகையை அவிழ்த்து உதறினான்.

ராசப்பன் அவன் தோளில் தட்டினார். “ஏன் தம்பி மொகத்தைத் தொங்கப் போடறே? எடம் என்ன அசலாருக்கா போச்சு? உங்க மெம்பருக்குத்தானே எழுதியிருக்குது!”