வாசலில் நின்று கேட்ட போன்

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது நாலு, கொழுந்தன் பிள்ளைகள் இரண்டு, ஆக ஆறு பேரை வளர்த்தேன். ஒருவரும் என்னைக் கவிழ்த்ததில்லை. கவிழ்த்தது ஒரு போன்.

எங்கள் மிளகுக் குழுவுக்கு நான்தான் தலைவி (எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன்; அதட்டுவதற்கு எழுத்து எதற்கு?). குழுத் தராசில் எண் தெரியும் கண்ணாடி போன மழையிலேயே செத்துவிட்டது. ஆனாலும் மூட்டையை வைத்தால் எடை புளூடூத் வழியாக என் போனுக்கு வந்துவிடும். அந்தப் பெருமையில் போனை மடியிலேயே வைத்திருப்பேன்.

அது நாலைந்து நாளாக, "அப்டேட் போடவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. வாசலில் வந்து நிற்பவரை இல்லையென்று அனுப்பும் வழக்கம் எங்கள் மலையில் கிடையாது. பாவம், எத்தனை தடவைதான் கேட்கும் என்று, எடை போடும் நாள் காலையில் 'சரி'யை அமுக்கிவிட்டேன்.

மத்தியானம் லாரி வந்தது. ஒன்பது வீட்டு மிளகும் வரிசையில் இருந்தது. முதல் மூட்டையை வைத்தோம். போனில் ஒன்றும் வரவில்லை. தராசைத் துடைத்தேன், தட்டினேன், திருநீறும் பூசினேன்.

"ஏனுங்கம்மா, பொழுதோட அடிவாரத்துக் காரவள்ளிக்கு எறங்கோணும். எடையில்லாம ஏத்த மாட்டனுங்க," என்றார் வியாபாரி.

எடையைப் பதிய வந்திருந்த தோட்டக்கலை ஆபீஸ் பெண் போனை வாங்கிப் பார்த்தாள். "அப்டேட் போட்டீங்களா பாட்டி? போனுக்கு அடியில கெர்னல்னு ஒண்ணு இருக்கு. அதுல பாதுகாப்பு விதியை மாத்திட்டாங்க. தராசு பழைய முறையில கதவைத் தட்டுது. இனி உள்ள விடாது."

"பழையபடி ஆக்க முடியாதா சாமி?"

"இங்க முடியாதுங்க பாட்டி."

"கேட்டவங்களுக்கெல்லாம் சரின்னு சொன்னா இப்படித்தானுங்க அத்தை," என்றாள் என் மருமகள். ஒன்பது வீட்டுப் பெண்களும் என்னையே பார்த்தார்கள். மிளகுக் கொடிக்குப் பின்னால் போய் நின்றேன் (கொடி ஒல்லி, நான் அப்படியில்லை).

அப்போது கீழே கிழங்குக் காட்டில் எங்கள் நாய் குரைத்தது. அது செத்து ஒரு வருடமாகிறது.

குரைத்தது என் பழைய போன். அதன் கண்ணாடி உடைந்ததும், நாயின் குரலைப் பதிந்து, காட்டுப்பன்றியை விரட்ட அவ்வப்போது குரைக்கும்படி மோட்டார் ரூமில் மாட்டியிருந்தோம். அதற்கு முன்பு தராசோடு பழகியது அதுதான். சிம் இல்லாததால் எந்த அப்டேட்டும் அதனிடம் வந்து கேட்டதில்லை.

நானே இறங்கிப் போய் எடுத்து வந்தேன். தராசின் பக்கத்தில் வைத்ததும், பிரிந்த உறவுபோல ஒட்டிக்கொண்டது. உடைந்த கண்ணாடியிலும் எடை விழுந்தது.

"அதுல பாதுகாப்புக் கம்மி பாட்டி," என்றாள் ஆபீஸ் பெண்.

"பன்னியே பயந்து ஓடுது கண்ணு. இன்னும் என்ன பாதுகாப்பு வேணும்?"

நடுவில் ஒருமுறை அது குரைக்க, வியாபாரி லாரிமேல் ஏறிவிட்டார். ஏறியவர் அப்படியே மூட்டைகளையும் வாங்கி அடுக்கினார். ஒன்பது வீட்டு மிளகும் பொழுதோடு மலை இறங்கியது.

இப்போது எடை போடுவது பழைய போன். பன்றிக்குக் குரைப்பது புதிய போன். வீட்டில் எந்தப் போன் அப்டேட் கேட்டாலும், "அம்மாயி, வாசல்ல ஆள் வந்திருக்கு," என்று பேத்தி கூவுகிறாள்.

நான் சொல்லச் சொல்ல இதையெல்லாம் எழுதியவளும் அவள்தான். அவளைத்தான் இப்போது கூப்பிடுகிறேன். "கண்ணு, இதை ஒருக்கா படிச்சுக் காட்டு. நான் கொடிக்குப் பின்னால நின்ன எடத்தை வேகமாப் படிச்சிரு. லாரி எறங்குன எடத்தை நிறுத்தி நிதானமாப் படி."